மல்லாக்கப் படுக்க ஆறு வாரம்

1. மூன்று நிமிடம்

பொன்னுச்சாமி அண்ணாச்சியை மல்லாக்கப் படுக்கவைத்த மூன்றாவது நிமிடம், அவர் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். என் பொத்தான் ஒன்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அதைத் தேடி நான் குனிய, அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி... பொத்தான் கெடக்கட்டும்... முதுகைத் தடவுங்க."

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த நாலைந்து வருடங்களுக்குள் நடந்தது இது. அப்போது நான் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஃபிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அந்தச் சொல் ஊரில் யார் வாயிலும் முழுசாக நுழையவில்லை. 'கரண்டு வைக்கிறவர்' என்றுதான் எனக்குப் பெயர். மூட்டுவலிக்கு மின்சாரம் வைப்பது என் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் மின்தடை வந்துவிட்டால், "இன்னைக்கு அந்தத் தம்பிக்கு வேலை தெரியாது, நாளைக்கு வாங்க" என்று வாசலிலேயே ஆள் அனுப்பிவிடுவார்கள்.

பொன்னுச்சாமிக்கு வயது ஐம்பத்தெட்டு. பட்டாசுக் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் குழாய்க்குள் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தவர். கம்பெனிக்குள் நெருப்பு ஆகாது என்பதால் பகலில் விட்டுப்போன பீடியையெல்லாம் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்து சேர்த்துப் பிடித்துவிடுவார். பீடியும் தூசியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்திருந்தன. சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. அதே பீடி இடது தொடையில் காலுக்குப் போகிற ரத்தக்குழாயையும் அடைத்துவிட்டது. அந்தக் காலின் சுண்டுவிரல் நுனி கறுத்திருந்தது.

மதுரையில் காட்டியபோது சர்ஜன் தெளிவாகச் சொல்லிவிட்டார். பைபாஸ் பண்ணி, அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் திருப்பிவிட்டால் கால் பிழைக்கும். இல்லாவிட்டால் கறுப்பு மேலே ஏறும், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும். ஆனால் மயக்க டாக்டர் தலையை ஆட்டினார். "முழு மயக்கம் கொடுத்தா இவரைத் திரும்ப மூச்சு விடவைக்கிறது கஷ்டம். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கலாம். ஆனா மூணு மணி நேரம் அசையாம மல்லாக்கப் படுக்கணும். முடியுமா?"

அதைத்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தோம். மூன்று நிமிடம், ஒரு பொத்தான்.

மதுரையில் எங்களுக்குக் கொடுத்த கெடு ஆறு வாரம்.

2. நடக்கவும் முடியாது

எங்கள் நெஞ்சுநோய் டாக்டரம்மா நிறையப் பேச மாட்டார். கேள்வி கேட்பார். முதல் நாள் வராந்தாவில் பொன்னுச்சாமியை நடக்கவிட்டுப் பார்த்தோம். அறுபது மீட்டரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எது முதல்ல நிறுத்துச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"காலுதாம்மா மொதல்ல மடக்குச்சு. கெண்டைக்கால்ல கவ்விப் பிடிக்குது. மூச்சு பின்னாடியே வந்து கதவைச் சாத்திருச்சு."

சிக்கல் இங்கேதான் இருந்தது. இந்த மாதிரி நுரையீரல்காரர்களுக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்வது நடைப்பயிற்சி. இவர் நடக்க வேண்டுமானால் கால் தேற வேண்டும். கால் தேற ஆபரேஷன் வேண்டும். ஆபரேஷனுக்கு மூச்சு தேற வேண்டும். மூச்சு தேற நடக்க வேண்டும். நான் இதை ஒரு தாளில் வட்டமாக வரைந்து டாக்டரம்மாவிடம் காட்டினேன். "படம் நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழலை எடுத்து மேஜையில் வைத்தார்.

குழலின் ஒரு முனையில் வாய் வைக்க வேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் அடைப்பும். போதுமான பலத்தோடு மூச்சை உள்ளே இழுத்தால்தான் அடைப்பு திறந்து காற்று வரும். ஸ்பிரிங்கை முறுக்க முறுக்க இழுப்பதற்குக் கூடுதல் பலம் வேண்டும். கைக்கு டம்பிள்ஸ் மாதிரி இது மூச்சுத் தசைக்கு. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம்.

"மூச்சுத் தசை களைச்சுப்போனா, உடம்பு காலுக்குப் போற ரத்தத்தைக் குறைச்சு மூச்சுக்குத் திருப்பிவிடும். இவருக்குக் காலுக்குப் போறதே கொஞ்சம். அதையும் மூச்சு பிடுங்கிக்கிட்டா எப்படி?" என்றார் டாக்டரம்மா. கல்லூரியில் நான் இதைப் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். புரிந்தது அன்றைக்குத்தான்.

மூச்சை எவ்வளவு பலமாக இழுக்கிறார் என்று அளக்க ஒரு சின்ன மீட்டர் இருந்தது. பொன்னுச்சாமிக்கு முப்பத்தெட்டு காட்டியது. அந்த வயதுக்காரர் நன்றாக இருந்தால் இதைப்போல இரண்டு மடங்கு காட்டலாம். முப்பத்தெட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டில் ஸ்பிரிங்கை வைத்துத் தொடங்கச் சொன்னார். காலையில் முப்பது மூச்சு, சாயங்காலம் முப்பது மூச்சு. கூடவே இன்ஹேலர். பீடிக்குத் தலைமுழுக்கு.

"ஊதக் கூடாது அண்ணாச்சி, இழுக்கணும்" என்றேன்.

"நாப்பது வருசமா பீடி இழுத்தவன்கிட்டயா தம்பி சொல்லுறீக?" என்றார்.

அவர் மனைவி மாரியம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார். குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "அந்த இழுப்புல வந்ததுதான இந்த இழுப்பு."

எனக்கு அப்போது வயது இருபத்தாறு. செய்து காட்டினால் நம்பிக்கை வரும் என்று நினைத்து ஸ்பிரிங்கைக் கடைசிவரை முறுக்கிவிட்டு இழுத்தேன். எட்டாவது இழுப்பில் கண் இருட்டியது. ஸ்டூலில் உட்காரப் போய் மருந்து டிராலியில் உட்கார்ந்தேன். மாரியம்மாள் பதறிப்போய், "ஏ செல்வி, தம்பிக்கு ஒரு சோடா வாங்கியாடி!" என்று மகளை விரட்டினார். முதல் நாள் பயிற்சியின் முடிவில் சோடா குடித்தவன் நான். நோயாளி எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

3. நிறைந்த காலண்டர்

எண்ணிக்கை எழுதிவைக்க அவர்களிடம் ஒரு மாதக் காலண்டர் கொடுத்தேன். சிவகாசியில் காலண்டருக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து அச்சகத்தில் கலர் பிசகி ஒதுக்கியதைச் சும்மாவே தருவார்கள். நான் கொடுத்ததில் சாமியின் முகம் நீலமாகவும் மாலை பச்சையாகவும் அரை அங்குலம் தள்ளி நின்றன. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் அன்றைய மூச்சை எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் காட்ட வந்தார். முதல் நாள் அறுபது. இரண்டாம் நாள் ஐம்பத்திரண்டு.

நான் புருவத்தைத் தூக்கினேன். "எட்டு எங்க அண்ணாச்சி?"

கேட்ட தொனி எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பொன்னுச்சாமி ஃபோர்மேன் முன்னால் நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டார். "நாளையில இருந்து குறையாது தம்பி. நாங்க முடிச்சுக் குடுத்துருவோம்."

சொன்னபடியே குறையவில்லை. அறுபது, அறுபது, அறுபது. கட்டங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு மார்பு விரிந்தது. வாரம் ஒருமுறை ஸ்பிரிங்கை ஏற்றினேன். பன்னிரண்டிலிருந்து பதினேழு, பதினேழிலிருந்து இருபத்திரண்டு. என் எதிரில் இழுக்கச் சொன்னால் நாலு இழுப்பில் நிறுத்திவிடுவார். "பஸ்சுல நின்னுக்கிட்டே வந்தேன் தம்பி, அந்தக் களைப்பு" என்பார். எனக்கு எதிரில் இருந்த ஆளைவிட என் கையில் இருந்த காலண்டர் மேல் நம்பிக்கை அதிகம். மற்ற ஃபிசியோ நண்பர்களுக்கு ஃபோன் போட்டு, இந்த ஊர்க்காரர்கள் மாதிரி சொன்னதைச் செய்கிறவர்கள் எங்கேயும் கிடையாது என்று பெருமை வேறு அடித்தேன்.

மூன்றாம் வாரக் கடைசியில் டாக்டரம்மா மீட்டரை எடுத்து வரச் சொன்னார். வாராவாரம் அளந்திருக்க வேண்டியது. அது டாக்டரம்மா அறை அலமாரியில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் சாவி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு விட்டிருந்தேன்.

முப்பத்தொன்பது.

இருபது நாளில் ஒரே ஒரு புள்ளி. மறுபடி இழுக்கச் சொன்னேன். முப்பத்தெட்டு. மல்லாக்கப் படுக்கவைத்தோம். நான்கு நிமிடம்.

சுண்டுவிரலைப் பார்த்தேன். கறுப்பு நகத்தைத் தாண்டியிருந்தது.

நான் காலண்டரை நீட்டினேன். "மேடம், ஒரு நாள்கூட விடலை. எல்லாம் அறுபது."

டாக்டரம்மா காலண்டரை வாங்கவே இல்லை. "ஏம்ப்பா, நீ மூணு வாரமா ஆளைப் பாத்தியா, இதைப் பாத்தியா? மூச்சு முட்டுற மனுசன் ஒரு நாள்கூடக் குறையாம எழுதியிருக்காரு. அது ஒண்ணே உனக்குச் சந்தேகத்தைக் குடுத்திருக்கணும். வீட்டுக்குப் போய்ப் பாரு."

4. பதினெட்டு பாக்கி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் மொபெட்டில் போனேன். ஊருக்கு வெளியே தொகுப்பு வீடு. முன்னால் தகரம் இறக்கிய இடத்தில் குடும்பமே உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தது. வெறும் குழாய்தான். மருந்து கம்பெனியில் போய்ச் செலுத்துவார்கள். தீபாவளி சீசன் ஆர்டர் நேரம் என்பதால் எந்த வீட்டிலும் கை சும்மா இருக்கவில்லை. எல்லோருக்கும் நடுவில் பொன்னுச்சாமி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

மகள் செல்வி வாயில் என் குழல் இருந்தது.

"நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு" என்று பசை வாளிக்குப் பக்கத்திலிருந்து மாரியம்மாள் எண்ணிக்கொண்டிருந்தார். "இன்னும் பதினெட்டு பாக்கி. உன் வீட்டுக்காரரு லோடு எறக்கிட்டு வந்தா பத்து இழுத்துருவாரு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

என்னைப் பார்த்ததும் செல்வி குழலை முந்தானையில் துடைத்தாள்.

"வாங்க தம்பி, வாங்க. காப்பி சாப்பிடுதீகளா?" என்றார் மாரியம்மாள். முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை.

"என்னம்மா இது? யாருக்கு நோய், யார் இழுக்கீங்க?"

"அவுகளுக்கு முடியலைல்லா. மொத ரெண்டு நாளுக்குப் பொறவு நாப்பது வரைக்கும் அவுகளே இழுத்தாக. நீங்க முறுக்கிவிட்ட பொறவு இருபது. இப்ப பத்துக்கு மேல போனா நெஞ்சு அடைக்குதுங்காக. அதுக்காவ எண்ணிக்கையக் கொறைச்சா நல்லாவா இருக்கும்? நீங்க கோவிச்சுக்கிடுவீக. அதான் ஆளுக்குக் கொஞ்சமா பகுந்துக்கிட்டோம்."

இந்த ஊரில் வேலை இப்படித்தான் நடக்கும் என்பது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு வீட்டுக்கு இத்தனை குழாய் என்று பேசி எடுத்தால், ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலும் எண்ணிக்கை குறையாது. மற்றவர்கள் சேர்ந்து முடித்துவிடுவார்கள். அதுதான் இங்கே மானம், பாசம் எல்லாம். நான் மருந்து என்று நினைத்துக் கொடுத்த அறுபதை அவர்கள் ஆர்டராக எடுத்துக்கொண்டு ஒழுங்காக முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நானும் வாராவாரம் ஸ்பிரிங்கை முறுக்கி, நோயாளியின் பங்கைக் குறைத்துக் குடும்பத்தின் பங்கைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து மருமகன் சங்கர் லோடு வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். விஷயம் தெரியாமல் நேராக என்னிடம், "சார், நல்ல மெசின் சார் இது. மாடிக்கு மூட்டை ஏத்தும்போது இப்பல்லாம் எனக்கு இரைக்கவே மாட்டேங்குது" என்றான்.

"ஏலே, வாய மூடுலே" என்றார் பொன்னுச்சாமி கண்ணைத் திறக்காமலே.

மீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். என்ன நினைத்தேனோ, வாய்முனையை மாற்றி மாரியம்மாளிடம் கொடுத்து இழுக்கச் சொன்னேன். நூற்றிரண்டு. என் ஃபிசியோதெரபியில் அதுவரை ஒழுங்காகத் தேறிய ஒரே ஆள் அவர்தான். அவருக்கு நோயே கிடையாது.

யாராவது ஒருவர் சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். பொன்னுச்சாமி காலை மெதுவாக நீட்டி, கறுத்த விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப இம்புட்டு நாளும் வீணா தம்பி?"

வீண்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தப்பு என் மேல அண்ணாச்சி" என்றேன். அது மட்டும் உண்மையாக வந்தது.

5. ஓய்வைப் பகிர்ந்தது

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் மதுரைக்கு ஃபோன் பண்ணி, விரல் காய்ந்துதான் இருக்கிறது, சீழ் இல்லை என்று சொல்லி, மேலும் பத்து நாள் கேட்டு வாங்கினார். ஃபோனை வைத்துவிட்டு, "குழலை எல்லாரும் வாயில வச்சிருக்காங்க. வேற புதுசு குடு. ஸ்பிரிங்கைப் பன்னிரண்டுக்கு எறக்கு. உன் புருவத்தையும் எறக்கு" என்றார். புருவத்தைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

முறையை மாற்றினோம். அந்தக் குடும்பத்திடம் சேர்ந்து செய்யாதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. அது அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் பகிர்ந்துகொள்ள அவர்களுக்கு வேறொன்றைக் கொடுத்தேன். பொன்னுச்சாமி ஒரு மூச்சு இழுப்பார். உடனே மாரியம்மாள் ஒரு குழாய் உருட்டுவார், செல்வி ஒரு குழாய் உருட்டுவாள். இரண்டும் தட்டில் விழுந்த பிறகுதான் அடுத்த மூச்சு. மூச்சு முழுக்க அவருடையது. ஓய்வு குடும்பத்தினுடையது. அவர் அவசரப்பட்டால், "எங்க கைக்கு முந்தி உங்களுக்கு என்ன வேகம்?" என்று மாரியம்மாள் அதட்டுவார். கணவனை அடக்க அவருக்கு அதிகாரபூர்வமாக ஒரு வழி கிடைத்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன். போனதும் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை விட்டுப்போச்சு?" என்பதுதான். முதல் தடவை கேட்டபோது மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது தடவைதான் பொன்னுச்சாமி, "முப்பத்தேழு விட்டுப்போச்சு தம்பி. ராத்திரி பூரா காலு வலி" என்றார். அந்த ஐம்பத்திரண்டுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை எண் அது. அன்று ஸ்பிரிங்கைத் தொடவில்லை. வலிக்கு டாக்டரம்மாவிடம் மாத்திரை மாற்றி வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பிறகு விட்டுப்போனவை இருபத்திரண்டு, முப்பத்தொன்று, ஒன்பது, நாற்பது. எண்கள் மேலும் கீழும் போயின. மீட்டர் மட்டும் மெதுவாக ஏறியது. நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு. படுக்கையிலும் பயிற்சி வைத்தோம். முதுகுக்கு மூன்று தலையணை, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. கெடு முடிகிற அன்று மீட்டர் ஐம்பத்தொன்று. ஒரு தலையணையில் ஐம்பது நிமிடம் படுத்தார். "இதுக்கு மேல சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு கெடக்க முடியாது தம்பி, சடைஞ்சு வருது" என்றுதான் எழுந்தார். மூச்சுக்காக எழவில்லை. அது போதும் என்று மயக்க டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

மதுரையில் ஆபரேஷன் அன்று தியேட்டருக்கு வெளியே மாரியம்மாளோடு நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே எந்த வேலையும் கிடையாது. மூன்று மணி நேரம் என்றார்கள். நாலு மணி நேரம் ஆயிற்று. மாரியம்மாளின் கை மடியில் இல்லாத காகிதத்தை உருட்டிக்கொண்டே இருந்தது.

மயக்க டாக்டர்தான் முதலில் வெளியே வந்தார். முகமூடியை இறக்கிவிட்டு, "என்னம்மா உங்க வீட்டுக்காரரு? சர்ஜன் அங்க தையல் போடுறாரு, இவரு இங்க குறட்டை விடுறாரு" என்றார்.

"மல்லாக்கப் படுத்தா?" என்றார் மாரியம்மாள்.

"மல்லாக்கப் படுத்துத்தான்."

அதுவரை தாங்கியிருந்த அந்த அம்மா அப்போதுதான் அழுதார். "அவுக படுத்துத் தூங்கி நாலு வருசம் ஆச்சு தம்பி. உக்காந்துக்கிட்டேதான் தூங்குவாக" என்றார். இத்தனை நாள் அந்த வீட்டுக்குப் போய் வந்தும், இதையும் நான் கேட்டிருக்கவில்லை.

கால் பிழைத்தது. சுண்டுவிரல் பிழைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அதை எடுத்தார்கள். "முன்னாலேயே ஆபரேஷன் பண்ணியிருந்தா அந்த விரல் தப்பியிருக்குமா சார்?" என்று சர்ஜனைக் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். பொன்னுச்சாமி என்னைத் தேற்றினார். "ஒம்போது விரலு போதும் தம்பி. செருப்பு ஒண்ணும் கோவிச்சுக்கிடாது."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஒருவரிடம் 'முடிச்சாச்சா?' என்று கேட்டால் 'முடிச்சாச்சு' என்றுதான் பதில் வரும். மரியாதை தெரிந்த ஊரில் இன்னும் வேகமாக வரும். நோயாளி குறைந்த எண்ணைப் பயமில்லாமல் நம்மிடம் சொல்கிற அன்றுதான் அவருக்குச் சிகிச்சை தொடங்குகிறது. பொன்னுச்சாமிக்கு அது மூன்று வாரம் தாமதமாகத் தொடங்கியது. சர்ஜன் சொல்ல முடியாது என்றார். நான் சொல்வேன், அந்த மூன்று வாரம் என்னுடையது.